வரப்பு எங்கே விழுகிறது: முடிவெல்லையை வரைதல் பற்றி

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

அளவுகளைப் பார்த்து ஒரு பொருள் எந்த வகை என்று தீர்மானிக்கும் கணினி முறையை வகைப்படுத்தி என்கிறோம். அது எந்த இடத்தில் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறது என்பதைக் கண்ணால் காணும்படி வரைவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இயந்திரக் கற்றலில் அந்த இடத்தை முடிவெல்லை என்கிறோம். வண்ணம் தீட்டிய அந்தப் படத்தை மாணவர்கள் பாடத்தின் தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். பார்த்ததும், தரவுகளுக்கு நடுவே இயற்கையே ஒரு வரப்புப் போட்டு வைத்திருந்ததாகவும் கணினி அதைக் கண்டெடுத்துக் காட்டியதாகவும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் நாம் வகைப்படுத்தியிடம் ஆயிரக்கணக்கான கேள்விகளைக் கேட்டு, அது சொன்ன விடைகளை நிறமாக மாற்றியதால் தோன்றுவதுதான் அந்த வரப்பு. கேள்வி கேட்ட விதம் மாறினால் படமும் மாறும். நான் சொல்ல வந்தது இவ்வளவே. இனி வருவதெல்லாம் அதன் விளக்கம்.

எடுத்துக்காட்டு இல்லாமல் இதைப் பேச இயலாது என்பதால், பலருக்கும் பழக்கமான ஐரிஸ் பூக்களையே எடுத்துக்கொள்கிறேன். செட்டோசா, வெர்சிகலர், வெர்ஜினிகா என்னும் மூன்று இனங்களிலிருந்து தலா 50 பூக்கள், ஆக 150. ஒவ்வொன்றுக்கும் புல்லி இதழின் நீளம், அகலம், அல்லி இதழின் நீளம், அகலம் என்று நான்கு அளவுகள். எட்கர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் சேகரித்த இந்த அளவுகளை புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936 இல் ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார். அது வெளிவந்த ஆய்விதழ் 'தகுதியான' மனிதர்களே பெருக வேண்டும் என்னும் இனமேம்பாட்டுக் கொள்கைக்காக நடத்தப்பட்டது என்பதால், இத்தரவைத் தவிர்த்து அண்டார்க்டிகாவின் பென்குயின் அளவீடுகளுக்கு மாறிய ஆசிரியர்கள் உண்டு. அவர்களுடைய தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆயினும் இந்தப் பூக்களின் எண்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன.

சேகரித்த விதத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செட்டோசாவும் வெர்சிகலரும் கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் ஒரே மேய்ச்சல் நிலத்தில், ஒரே நாளில் பறிக்கப்பட்டு, ஒருவரே ஒரே கருவியால் அளந்தவை. வெர்ஜினிகா பூக்கள் அந்த நிலத்திலிருந்து வந்தவை அல்ல. ஆகவே வெர்சிகலருக்கும் வெர்ஜினிகாவுக்கும் இடையே நாம் வரையப் போகும் எல்லையில் இனத்தின் வேறுபாட்டோடு இடத்தின் வேறுபாடும் கலந்திருக்கலாம். படத்தில் இதைக் காட்டும் நிறம் எதுவும் கிடையாது.

முதலில் எளிய வழி. அல்லி இதழின் நீளம், அகலம் ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, வெர்சிகலரையும் வெர்ஜினிகாவையும் நேர்கோட்டால் பிரிக்கும் ஃபிஷரின் நேரியல் முறையால் பிரித்தால், நீளத்தை ஏறத்தாழ 2.77 ஆலும் அகலத்தை 9.27 ஆலும் பெருக்கிக் கூட்டிய தொகை 29.1 ஐத் தாண்டுகிறதா என்ற ஒரே கேள்வியாக எல்லாம் சுருங்கிவிடுகிறது. நீளம் 4 செ.மீ. என்றால் எல்லை 1.95 செ.மீ. அகலத்தில் விழும், நீளம் 6 செ.மீ. என்றால் 1.35 இல் விழும். இரண்டு புள்ளிகள் கிடைத்தபின் அளவுகோல் வைத்து இணைக்க வேண்டியதுதான். அகலத்தில் ஒரு மில்லிமீட்டர், நீளத்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் மேலாக எடை பெறுகிறது என்பதைக் கோட்டின் சாய்வே சொல்லிவிடும்.

ஆனால் இப்படிச் சமன்பாட்டை எழுதிக்கொடுக்கும் பணிவு எல்லா வகைப்படுத்திகளுக்கும் இல்லை. அருகிலுள்ள அண்டைப் புள்ளிகளைக் கேட்டு முடிவு செய்யும் முறைக்கு எழுதிக்காட்டும்படியான சமன்பாடு கிடையாது. அத்தகையவற்றுக்கு நாம் கையாள்வது புள்ளிக்கோலத்தின் வழி: முதலில் தளம் முழுவதும் சீரான இடைவெளியில் புள்ளி வைக்கிறோம். நீள அச்சில் 0 முதல் 8 வரை, அகல அச்சில் 0 முதல் 3.5 வரை, 0.02 இடைவெளியில் வைத்தால் ஏறத்தாழ 70,000 புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளியையும் கற்பனையான ஒரு பூவாகக் கருதி, 'நீ எந்த இனம்?' என்று வகைப்படுத்தியைக் கேட்டு, வந்த விடைக்குரிய நிறத்தை அங்கே பூசுகிறோம். நிறம் மாறும் இடமே எல்லை. பைத்தான் நிரல்மொழியில், நம்பை நூலகத்தின் மெஷ்கிரிட் கட்டளை புள்ளி வைத்துத் தருகிறது, மேட்பிளாட்லிப் என்னும் வரைபட நூலகம் நிறம் பூசுகிறது, சைக்கிட்-லேர்ன் என்னும் இயந்திரக் கற்றல் நூலகம் 1.1 ஆம் பதிப்பிலிருந்து இரண்டையும் சேர்த்தே செய்து தருகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நியாயம் இங்கே செல்லாது: இடைவெளி 0.02 என்றால், அதைவிடச் சிறிய தீவு ஒன்று இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருந்தாலும் படத்தில் வராது.

இந்த எளிய வேலையிலும் நான் நீண்ட நேரம் திகைத்து நின்ற இடம் ஒன்று உண்டு. இனம் தெரிந்த பூக்களைக் காட்டி வகைப்படுத்திக்குக் கற்பிப்பதைப் பயிற்சி என்கிறோம். அதற்கு முன் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தால் வகுத்துச் சீர்ப்படுத்துவது வழக்கம். பூக்களைச் சீர்ப்படுத்திப் பயிற்சி கொடுத்தேன். தளத்தில் வைத்த கட்டப் புள்ளிகளைச் சீர்ப்படுத்த மறந்தேன். ஏறக்குறைய படம் முழுவதும் வெர்ஜினிகாவின் நிறம். காரணம் பிறகுதான் விளங்கியது. அல்லி இதழ் நீளத்தின் சராசரி 3.76, திட்ட விலக்கம் 1.76. சீர்ப்படுத்தாத 1.5 என்ற எண்ணைக் கொடுத்தால், வகைப்படுத்தி அதைச் 'சராசரிக்கு மேல் ஒன்றரை விலக்கம்' என்று, அதாவது 6.4 செ.மீ. என்று படிக்கிறது. சிறிய செட்டோசா பூ, அதன் கண்ணில் இருப்பவற்றிலேயே பெரிய பூக்களுள் ஒன்றாகிவிட்டது. பயிற்சித் தரவிலிருந்து பெற்ற அதே சராசரியையும் அதே விலக்கத்தையும் கட்டப் புள்ளிகளுக்கும் பயன்படுத்த வேண்டும். கட்டப் புள்ளிகளுக்கென்று தனியே கணக்கிட்டால் அது இன்னொரு பிழை, அதைக் கண்டுபிடிப்பதும் கடினம், ஏனென்றால் படம் நம்பும்படியாகவே இருக்கும்.

இதைவிட நுட்பமான ஒரு பொய்யும் உண்டு. கணினிக்கு இனங்களின் பெயர் தெரியாது. 0, 1, 2 என்ற எண்களே தெரியும். சம உயரக் கோடுகளை நிரப்பும் கட்டளையை இந்த எண்கள் மீது ஏவினால், அது அவற்றை மலையின் உயரங்களாகவே கருதுகிறது. 0 எனும் நிலம் 2 எனும் நிலத்தை நேரடியாகத் தொடும் இடத்தில், உயரம் 1 ஐக் கடந்துதானே 2 க்கு ஏற வேண்டும் என்று தானாக முடிவு செய்து, நடுவே 1 இன் நிறத்தில் ஒரு மெல்லிய நாடாவைப் பூசிவிடுகிறது. செட்டோசாவும் வெர்ஜினிகாவும் படத்தின் இடது மேல் மூலையில் தொட்டுக்கொள்ளும் வகைப்படுத்திகள் சில உண்டு. அங்கே, ஒரு புள்ளியில்கூட வகைப்படுத்தி சொல்லாத வெர்சிகலர் ஒரு கீற்றாக எட்டிப் பார்க்கும். அந்தக் கீற்றுக்கு விளக்கம் தேடி மெனக்கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டம் கட்டமாக நிறம் பூசும் கட்டளையைப் பயன்படுத்தினால் அது மறைந்துவிடும்.

எல்லையின் வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆம்-இல்லை கேள்விகளை அடுக்கி முடிவெடுக்கும் முடிவு மரம் அச்சுகளுக்கு இணையாக மட்டுமே வெட்டும்; இந்தப் பூக்களில் அது நீளம் 2.45 செ.மீ. இல் ஒரு வெட்டும், அகலம் 1.75 இல் இன்னொரு வெட்டும் போடுவது வழக்கம். 2.45 என்பது யாரும் அளந்த எண் அன்று. செட்டோசாவின் மிக நீண்ட அல்லி இதழ் 1.9, வெர்சிகலரின் மிகச் சிறியது 3.0, இரண்டுக்கும் நட்டநடு அது. 2.0 இலோ 2.9 இலோ வெட்டியிருந்தாலும் பயிற்சித் தரவில் ஒரு பூகூட இடம் மாறியிருக்காது. அண்டை முறையில் ஒரே ஓர் அண்டையை மட்டும் கேட்டால், 4.5 செ.மீ. நீளமும் 1.7 அகலமும் கொண்டு வெர்சிகலர் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் தனியான ஒரு வெர்ஜினிகா, தன்னைச் சுற்றி ஒரு துண்டு நிலத்தைத் தன் நிறத்துக்கு இழுத்துக்கொள்ளும். பதினைந்து அண்டைகளைக் கேட்டால் அந்தத் துண்டு போய்விடும்.

அடர்ந்த ஒரே நிறத்தில் பூசும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பூவே இல்லாத நிலத்திலும் அது அதே உறுதியோடு நிறம் காட்டுகிறது. 20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட அல்லி இதழ் எந்த ஐரிஸிலும் கிடையாது. நிகழ்தகவைக் கணக்கிட்டு இனத்தைச் சொல்லும் லாஜிஸ்டிக் வகைப்படுத்தியோ அதை ஏறத்தாழ முழு நிகழ்தகவோடு வெர்ஜினிகா என்று அறிவிக்கும், ஏனென்றால் எல்லையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதைத்தான் அது கணக்கிடுகிறது, தரவிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை அன்று. காஸ் கருவைக் கொண்ட ஆதார திசையன் முறையில் (எல்லையருகே நிற்கும் பூக்களின், தொலைவோடு தேயும் செல்வாக்கைக் கூட்டி முடிவெடுப்பது அது) வேறொரு விந்தை: தரவை விட்டு வெகுதூரம் போனால் எந்தப் பூவின் செல்வாக்கும் எட்டாமல், எல்லாத் திசையிலும் ஒரே நிறமே மிஞ்சும். ஆகையால் நிகழ்தகவுக்கு ஏற்ப நிறத்தை மங்கச் செய்து, பூக்களைக் கட்டாயம் மேலே வைத்து, அச்சுகளைத் தரவின் எல்லைக்குச் சற்று வெளியே நிறுத்திக்கொள்வது நல்லது.

கடைசியாக, நான்கு அளவுகளின் சிக்கல். ஓர் அச்சுக்கு 200 புள்ளிகள் என்று வைத்தாலும் நான்கு அச்சுகளுக்கு 160 கோடிக் கேள்விகள் ஆகும். கேட்டு முடித்தாலும் காட்டுவதற்குத் தாள் இல்லை. எனவே புல்லி இதழின் நீளத்தைச் சராசரியான 5.84 இலும் அகலத்தை 3.06 இலும் நிறுத்திவைத்து, மீதி இரண்டை மட்டும் மாற்றி வரைகிறோம். இது முழு எல்லை அன்று, அதன் ஒரு வெட்டுமுகம் மட்டுமே. அதன்மேல் 150 பூக்களையும் வைத்தால் சில பூக்கள் தவறான நிறத்தில் நிற்பதாகத் தோன்றும். வகைப்படுத்தி தவறவில்லை, அந்தப் பூக்கள் அந்த வெட்டுத் தளத்தில் இல்லை, முன்னேயோ பின்னேயோ இருக்கின்றன.

இதற்குத் தரவிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அல்லி இதழ் நீளம் 4.8, அகலம் 1.8 என்ற புள்ளியைப் பாருங்கள். படத்தில் அங்கே ஒரே ஒரு வட்டம்தான் தெரிகிறது. உண்மையில் அங்கே மூன்று பூக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன: ஒன்று வெர்சிகலர், இரண்டு வெர்ஜினிகா. கடைசியாக வரைந்தது மற்ற இரண்டையும் மறைத்துவிட்டது. இந்தத் தாளில் எவ்வளவு வளைந்து நெளிந்த எல்லையை வரைந்தாலும் மூன்றும் ஒரே பக்கத்தில்தான் விழும். புல்லி இதழ்களைப் பார்த்தாலோ வெர்சிகலருக்கு 5.9, 3.2, வெர்ஜினிகாக்களுக்கு 6.2, 2.8 என்றும் 6.0, 3.0 என்றும் இருக்கின்றன. நான்கு அளவுகளின் வெளியில் அவை மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. புள்ளிகளைச் சற்றே சிதறடித்து வரைந்த இன்னொரு படம் என்னிடம் இருக்கிறது. அதைத் திரையில் போடுகிறேன், அதை வைத்துக்கொண்டு உங்கள் கேள்விகளைத் தொடங்கலாம்.