அபேசியா: நடக்க ஏலாத நிலைக்கு வந்த கிரேக்கப் பெயர்

வணக்கம். "அம்மம்மாவுக்குக் கால் வழங்குதில்லை. எழும்பி நடக்க ஏலாதாம்." யாழ்ப்பாணத்தில் இப்படித்தான் சொல்வோம். நடக்க முடியாத இந்த நிலைக்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பெயர் அபேசியா. பேச்சு வராமல் போகும் அஃபேசியா வேறு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், கவனம்.

[திரையில்: அ + பாசிஸ்]

சொல் கிரேக்கம். பாசிஸ் என்றால் அடியெடுத்து வைத்தல். முன்னால் நிற்கும் 'அ' அதை இல்லை என்கிறது. பாசிஸுக்குத் தாய், 'பைனெயின்' என்ற வினை: நடத்தல், போதல். டயபிட்டீஸ் என்ற பெயருக்குள்ளும் அதே வினைதான் இருக்கிறது. உடம்புக்கு ஊடாக நீர் போய்க்கொண்டே இருக்கும் வருத்தம். நாங்கள் நீரிழிவு என்பதும் அதைத்தானே!

[திரையில்: பாசிஸ் – கதி]

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். கிரேக்கத்தின் பாசிஸும் வடமொழியின் கதியும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. மறுக்கும் 'அ'வும் இரண்டு மொழிக்கும் பொது. அந்த 'அ'வைக் கதிக்கு முன்னால் வையுங்கள்: அகதி. போக்கிடம் இல்லாதவர். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு, பிள்ளைகளையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த சனத்துக்கு விளக்கம் தேவையில்லாத சொல். அபேசியாவுக்கு அது உடன்பிறப்பு. ஒன்று காலைப் பற்றிப் பேசுகிறது, மற்றது போக்கிடத்தைப் பற்றி.

சரி, வைத்தியத்துக்குள் இந்தச் சொல் எப்படி வந்தது? பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் வைத்தியர் ஷார்கோவிடம் படித்த போல் பிளோக், 1888 இல் 'அஸ்டேசியா-அபேசியா' பற்றி எழுதினார். ஸ்டாசிஸ் என்றால் நிற்றல். அவர் விவரித்த நோயாளிகள் கட்டிலில் படுத்தபடி காலைத் தூக்குவார்கள், மடக்குவார்கள்; பலமும் தொடுவுணர்வும் குறையாது. எழுப்பி நிறுத்தினால் முழங்கால் மடிந்துவிடும். இதைப் பாரிசவாதம் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் தனிப்பெயர் தேவைப்பட்டது.

அப்படிப்பட்டவர்களில் பலருக்கு இருப்பது செயற்பாட்டு நரம்பியல் குறைபாடு, அதாவது மூளையும் நரம்பும் வேலை செய்யும் விதத்தில் வரும் குழப்பம், என்று இன்று சொல்கிறார்கள். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டாலும் நடை இப்படிக் குழம்பலாம். ஆகவே, "படுக்கையில் காலை ஆட்டுறா, எழும்பினால் மட்டும் ஏலாதாம், நடிப்பு" என்று வீட்டில் யாரும் சொல்லவேண்டாம். நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். பிசியோதெரபியால் நடை திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கக் காலும் கையும் திடீரென்று விழுந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்கவேண்டாம். உடனே ஆஸ்பத்திரி.