வாலைப் பிடிக்காத கை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மருந்தோ பூச்சிக்கொல்லியோ விற்பனைக்கு வருமுன், அது எந்த அளவைத் தாண்டினால் நஞ்சாகும் என்று பார்த்தாக வேண்டும். இன்றைக்கும் பெரும்பாலும் அதை எலியின் உடம்பில்தான் பார்க்கிறோம். நச்சியல் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் நான் முதலில் கற்ற வேலை, சுண்டெலியை வாலின் அடியில் பிடித்துத் தூக்கித் தராசில் வைப்பது. இரண்டே விநாடி. அதற்குள் காலை உதறும், மூத்திரம் போய்விடும். அது எலியின் சுபாவம் என்றே நினைத்திருந்தோம்.

2010இல் இங்கிலாந்தில் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜேன் ஹர்ஸ்ட் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. வாலைப் பிடித்துத் தூக்கிய எலிகள் மனிதக் கையைக் கண்டு ஒதுங்கின. குழாய்க்குள் நுழையவிட்டுத் தூக்கியவையும் உள்ளங்கையில் ஏந்தியவையும் தாமாகவே கிட்டே வந்தன. எங்கள் கூண்டுகளுக்கும் குழாய் வந்தது. வேலை இழுக்கும் என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. சில நாளிலேயே கூண்டைத் திறந்தால் எலி குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இரக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். பயந்த எலிக்கு இதயத்துடிப்பு ஏறும், ரத்தச் சர்க்கரை மாறும். அறிக்கையில் நாம் எழுதுவது மருந்தின் விளைவா, நம் விரலின் விளைவா? குளிரும் இப்படித்தான். ஆய்வக அறையை 20 முதல் 24 டிகிரியில் வைப்பது கோட்டு போட்ட நமக்குச் சுகம். சுண்டெலிக்கு இதமான சூடு 30 டிகிரியை ஒட்டியது. ஒரு பிடி காகித நாரைப் போட்டால் அதுவே கூடு கட்டிக்கொள்ளும்.

விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று 1959லேயே இங்கிலாந்து விஞ்ஞானிகள் ரஸலும் பர்ச்சும் எழுதிவைத்தார்கள். முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான், தோல் எரிச்சலைப் பார்க்க முயல் முதுகுக்குப் பதிலாக, ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் வந்துவிட்டது. ஆனால் விழுங்கிய மருந்து கல்லீரலில் உருமாறி உடம்பு முழுக்கச் சுற்றுவதை ஒரு கண்ணாடித் தட்டில் முழுதாகக் காட்ட இன்னும் முடியவில்லை. அதுவரை கூண்டில் இருப்பவற்றின் கதி?

பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை 1927இல் வந்தது. அதன் பழைய முறையை, பல நாடுகள் பின்பற்றும் சோதனை வழிகாட்டிகளை வகுக்கும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2002இல்தான் தன் வழிகாட்டிகளிலிருந்து நீக்கியது. இப்போதுள்ள முறைகளில் ஒன்றுக்குச் சாவே தேவையில்லை. நஞ்சின் அறிகுறி தெளிவாகத் தெரிந்தால் போதும், அங்கேயே நிறுத்தலாம்.

நிறுத்துவதற்கு யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே! வலிக்கும் எலியின் முகத்தில் அது தெரியும். கண் இடுங்கும், கன்னம் புடைக்கும், காது பின்னால் மடங்கும். பழகிய கண்ணுக்குக் கூண்டருகே நின்றாலே போதும். ஆனால் ஒரு காலத்தில் நாங்கள் வெள்ளிக்கிழமை மாலை மருந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். வார இறுதியில் தீனி வைக்க வருபவர் ஒருவர்தான். திங்கள் காலை செத்துக் கிடக்கும் எலி எப்போது தவிக்கத் தொடங்கியது என்று எந்தப் பதிவேட்டிலும் இராது.

இப்போது நாங்கள் முதல் அளவைத் திங்கள் காலையில் கொடுக்கிறோம்.