எரிந்து போகாத பியூஸ்! பிளாஸ்டிக் துண்டுக்கு எப்படித் தெரியும்?

[திரையில்: விரல் நுனியில் ஒரு மஞ்சள் வில்லை, இரண்டு கம்பிக் கால்கள்]

இதற்குள் இருப்பது சொப்பிங் பேக் செய்கிற அதே இனத்துப் பிளாஸ்டிக்கும் கரியும்தான். சிப் இல்லை, சென்சர் இல்லை. ஆனாலும் கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் இதுவே தடுத்துவிடும். ஆறியதும் இதுவே திரும்ப விட்டுவிடும். உங்கள் கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளைக்குப் பின்னால் இதன் குட்டித் தம்பி ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பாடப்புத்தகப் பகுதியை ஓடிக்கொண்டே சொல்கிறேன். இரண்டு பொருளைச் சேர்த்து, தனியே ஒன்றுக்கும் இல்லாத குணத்தை வரவைத்தால் அது கூட்டுப்பொருள், அதாவது கம்போசிட். களிமண்ணும் வைக்கோலும் சேர்ந்த சுவர்கூட அதுதான். சூடோ காந்தமோ ஈரமோ பட்டதும் அந்தக் கூட்டு குணம் மாறினால் ‘ஸ்மார்ட்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். டிவிக்கும் அதே பெயர்தான், என்ன செய்வது. சரி, முடிந்தது.

இப்போது 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். காலை எட்டு மணி, கொழும்பு வெள்ளவத்தை. பின் படியில் தொங்குகிறவர் நூறு ரூபாயை நீட்டுகிறார். கண்டக்டர் முன்னால் நிற்கிறார். ஆளோடு ஆள் ஒட்டி நிற்பதால் காசு கை மாறிக் கை மாறிப் போய்ச் சேர்ந்துவிடும். வில்லைக்குள்ளும் இதே கதைதான். பிளாஸ்டிக் கரண்டைக் கடத்தாது. ஆனால் உள்ளே கரித்துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று அடுத்ததைத் தொட, கரண்ட் அப்படியே கடந்துபோகிறது.

கரண்ட் மிஞ்சினால் வில்லை சூடாகும். சுமார் 125 பாகை செல்சியஸில் பிளாஸ்டிக்கின் பளிங்குப் பகுதிகள், அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் இடங்கள், உருகி, மொத்தமும் விரியும். பஸ் திடீரென்று இரண்டு மடங்கு அகலமாகிவிட்டது என்று வையுங்கள். எல்லாருக்கும் இடம்! (அந்த பஸ் ஓடுகிற காலி வீதியில் நடக்காது, கற்பனைதானே.) கை எட்டாது, காசு பாதி வழியில் நின்றுவிடும். கரண்டை மறிக்கிற அளவு, அதாவது தடை, ஆயிரம் மடங்குக்கும் மேல் எகிறும்.

எனக்குப் பிடித்த தந்திரம் இனித்தான். அது கரண்டை முழுதாக நிறுத்துவதில்லை. கசிகிற அந்தக் கொஞ்சக் கரண்டே வில்லையைச் சூடாக வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றினால்தான் ஆறும்.

[திரையில்: மீற்றர்]

இதைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். கடைக்கார அண்ணா முதலில் கெபாசிட்டர் பெட்டிக்குள் தேடினார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். இப்போது மீற்றர் தடையை ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டுகிறது. சோல்டரிங் அயனை வில்லையின் கம்பிக் காலில் வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்... ஏறுது, ஏறுது... ஆயிரத்தையும் தாண்டிவிட்டது!

இது ஆறட்டும். கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்க ஒரு வயரைச் சுற்றுவார்கள். அதில் ஒரு வகைக்குள் இரண்டு செப்புக் கம்பி, நடுவில் இதே கரிப் பிளாஸ்டிக். குளிர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் சுருங்கி, கரண்ட் கூடி, சூடும் கூடும். வெதுவெதுப்பான இடத்தில் தானே அடங்கும். ஒரே வயர், ஆனால் அடிக்கு அடி வேறு வேறு சூடு, அதுவும் யாரும் சொல்லாமல்! எங்கள் வீட்டு ஏசிக்கு ரிமோட்டில் சொன்னாலே விளங்குவதில்லை.

சூடு மட்டுமல்ல, காந்தம் காட்டினால் கண நேரத்தில் இறுகும் இரும்புத்துகள் எண்ணெயும் உண்டு. 1940களில் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோவ் என்ற பொறியியலாளர் செய்து காட்டியது, இன்று சில கார்களின் ஷொக் அப்சோபரில் இருக்கிறது. வேண்டுமென்றால் கமெண்டில் ‘காந்தம்’ என்று போடுங்கள், அடுத்த வீடியோ அதுதான். சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் அதையும் செய்துவிடுங்கள்.

[திரையில்: மீண்டும் மீற்றர்]

ஆறிவிட்டது. தடை இறங்கியும் விட்டது, ஆனால் முதலில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது, கவனித்தீர்களா? விலகிய கரித்துகள்கள் பழைய இடத்துக்கே அச்சொட்டாக வருவதில்லை. அந்த நூறு ரூபாய்க்கு மிச்சக்காசு திரும்பி வருகிற மாதிரி: வரும், பத்து ரூபாய் குறையும்.