பெற்றோரின் படிவமும் பிள்ளையின் காப்பீடும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சுகாதாரம் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று நிலையத்தார் சொன்னார்கள். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசு கொடுக்கிற, மெடிக்கெய்ட் போன்ற மருத்துவக் காப்பீடு. தகுதி இருக்கிற பிள்ளைகளே அதை எப்படி இழக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் மேசை போட்டு உட்கார்ந்து, காப்பீட்டுப் படிவம் நிரப்ப உதவுகிறவர்களில் நானும் ஒருத்தி.

நம்மவர்களில் பலர், "மெடிக்கெய்டா? அது நமக்கு இல்லீங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்த நாட்டில் நடக்கிற பிரசவங்களில் பத்துக்கு நான்கு மெடிக்கெய்ட் செலவில்தான் நடக்கின்றன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மெடிக்கெய்டிலோ, சிப் என்கிற குழந்தைகள் காப்பீட்டுத் திட்டத்திலோ இருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் இரண்டும் சேர்ந்து ஃபேமிலிகேர் என்ற பெயரில் நடக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி, வருட வருமானம் ஏறக்குறைய 1,14,000 டாலர் வரை இருந்தாலும் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டு. மேசைக்கு வருகிறவர்கள் இதைச் சொன்னால் நம்புவதே இல்லை. அதே வீட்டில் அப்பா அம்மாவுக்கும் வேண்டுமென்றால் வருமானம் ஏறக்குறைய 44,000 டாலருக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விசாவில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை போய்விட்டது, கம்பெனி கொடுத்த காப்பீடும் போய்விட்டது என்று கவலையோடு வருகிற குடும்பங்கள் உண்டு. இங்கே பிறந்த குழந்தை அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை. அப்பாவின் விசா எதுவானாலும் குழந்தைக்கு உரியது குழந்தைக்கு உண்டு. போதாததற்கு, 2023 ஜனவரி முதல் நியூ ஜெர்சியில், வருமான வரம்புக்குள் வருகிற 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குடியேற்ற நிலை பார்க்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். "கிரீன் கார்டுக்குப் பங்கம் வருமா?" என்று கேட்காத அப்பாவே இல்லை. அரசு உதவி பெற்றதைக் காட்டிக் கிரீன் கார்டை மறுக்க 2019இல் வந்த மிகக் கடுமையான விதிகூட, 21 வயதுக்குட்பட்டவர்கள் பெற்ற மெடிக்கெய்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த விதியும் 2021இல் போய்விட்டது. விதிகள் மாறக்கூடியவைதான், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காகப் பிள்ளையைக் காப்பீடு இல்லாமல் வைத்திருக்காதீர்கள்.

1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டுப் பிறந்தது மெடிக்கெய்ட். பிள்ளைகளுக்கு அதில் உண்மையான பலன் வந்தது இரண்டு வருடம் கழித்து, 1967இல். அதன் பின்னணியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இளைஞர்களைப் படைக்கு எடுக்கும் பரிசோதனையில் மூன்றில் ஒருவர் தேற மாட்டார் என்று 1964இல் ஓர் அரசு அறிக்கை வந்தது. அவர்களில் பலருக்கு இருந்த குறைகள் சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தால் சரிசெய்திருக்கக் கூடியவை. அதைத் தொடர்ந்து வந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த வயதுகளில் பிள்ளையின் கண், காது, பல், வளர்ச்சி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. பார்த்ததில் என்ன தெரிய வந்தாலும், 21 வயது வரை, அதற்குரிய வைத்தியத்தையும் கொடுத்தாக வேண்டும் என்கிறது. கம்பெனிகள் தருகிற பல காப்பீடுகளில்கூட இவ்வளவு உறுதி கிடையாது. என் கணக்கில் இந்த நாடு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குகளில் இதுதான் பெரியது.

1997இல், குடியரசுக் கட்சி செனட்டர் ஹேட்சும் ஜனநாயகக் கட்சி செனட்டர் கென்னடியும் சேர்ந்து நின்றதால் சிப் வந்தது. இரு கட்சிக்கும் வேண்டிய திட்டம் என்று பெயர். அப்படியும் 2017 செப்டம்பர் 30 அன்று அதற்கான நிதி ஒதுக்கீடு காலாவதியாக விட்டுவிட்டார்கள். மறுபடி ஒதுக்கியது 2018 ஜனவரி 22 அன்று. நடுவில் கொலராடோ போன்ற மாநிலங்கள், "உங்கள் பிள்ளையின் காப்பீடு நின்றுபோகலாம்" என்று குடும்பங்களுக்குக் கடிதமே அனுப்பிவிட்டன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில், கோவிட் காலத்தில், மெடிக்கெய்டில் இருப்பவர்கள் யாரையும் நீக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மூன்று வருடம் அப்படியே ஓடியது. 2023 மார்ச் 31உடன் அது முடிந்தது. எல்லா மாநிலங்களும் எல்லாரையும் மறுபடி சரிபார்க்கத் தொடங்கின. முடிவில் 2 கோடியே 50 லட்சம் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். இவர்களில் பத்துக்கு ஏழு பேர் விஷயத்தில், தகுதி இருக்கிறதா இல்லையா என்ற முடிவே எடுக்கப்படவில்லை. படிவம் திரும்பி வரவில்லை, ஒரு காகிதம் குறைந்தது, கடிதம் பழைய வீட்டுக்குப் போனது. அவ்வளவுதான் காரணம்.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் இன்னொன்றும் வெளியே வந்தது. மாநில அரசுகளிடம் சம்பள விவரங்கள் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து, தகுதி தெரிந்தால், குடும்பத்தைக் கேட்காமலே புதுப்பித்துவிட வேண்டும். ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. பல மாநிலங்களின் கணினிகளோ வீட்டை மொத்தமாக ஒரே ஆளாகப் பார்த்தன. அப்பாவின் வருமானம் பெரியவர்களுக்கான வரம்பைத் தாண்டிவிட்டால் வீட்டுக்கே படிவம் போகும். படிவம் திரும்பவில்லை என்றால் பிள்ளைகளும் சேர்ந்து போவார்கள். நான் முன்பு சொன்ன இரண்டு எண்களை நினைத்துப் பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் எண் மாறும், ஆனால் எங்கேயும் பிள்ளைகளுக்கான வரம்பு பெரியவர்களுக்கானதைவிடக் குறைவாக இருப்பதில்லை, பெரும்பாலும் மிக உயரம். வருமானம் 60,000 டாலர் உள்ள வீட்டில் அப்பாவுக்குத் தகுதி இல்லை, பிள்ளைக்கு ஐயமே இல்லாமல் உண்டு. அந்தப் பிள்ளையையும் கணினி வெளியே தள்ளியது. தலைநகர் வாஷிங்டனையும் சேர்த்து 30 இடங்களில் இந்தக் கோளாறு இருந்ததாக 2023 செப்டம்பரில் மத்திய அரசே அறிவித்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்குக் காப்பீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, அவர்களில் பலர் பிள்ளைகள்.

எண்ணாகச் சொன்னால் ஐந்து லட்சம். எங்கள் மேசைக்கு வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். குழந்தைகள் காப்பகத்தில் வேலை, கணவர் பொருள் விநியோக வண்டி ஓட்டுகிறார். பையனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் வாங்க மருந்துக் கடைக்குப் போனபோதுதான் காப்பீடு இல்லை என்று தெரிந்திருக்கிறது. "அக்கா, சம்பளம் ஒண்ணும் ஏறலையே, எதுக்கு நிறுத்தினாங்க?" என்று கேட்டார். வீடு மாறியிருக்கிறார்கள், முகவரியை மாற்றவில்லை. பழைய வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்த உறைகளை அவர் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒன்றைப் பிரித்தோம். கேட்டிருந்தது நான்கு வாரச் சம்பளச் சீட்டு மட்டும். அதையும் கைபேசியிலேயே வைத்திருந்தார். நூலகத்து இயந்திரத்தில் அச்செடுத்து அன்றே அனுப்பினோம், காப்பீடு திரும்ப வந்தது. நின்ற நாளிலிருந்து 90 நாளுக்குள் கேட்ட காகிதத்தைக் கொடுத்தால் புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் இடைப்பட்ட நாளில் அந்தப் பையன் இருமிக்கொண்டிருந்தானே, அதற்கு யார் பொறுப்பு?

நல்லது ஒன்றும் நடந்தது. 2024 ஜனவரி 1 முதல், 19 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒருமுறை சேர்த்துவிட்டால் 12 மாதம் நீக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான சட்டம். நடுவில் அப்பாவுக்கு ஓவர்டைம் கிடைத்தது என்பதற்காகப் பிள்ளையை வெளியேற்ற முடியாது. ஒரேகான் மாநிலம் இன்னும் மேலே போய், பிறந்த குழந்தைக்கு ஆறு வயது வரை தொடர்ந்து காப்பீடு என்று 2022இல் அனுமதி வாங்கியது. தடுப்பூசியும் பேச்சு வளர்ச்சியும் நடக்கிற வயது அது. எல்லா மாநிலங்களிலும் அப்படி வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 2025 ஜூலையில் மத்திய அரசு, இத்தகைய அனுமதிகளை இனிக் கொடுக்கவோ நீட்டிக்கவோ போவதில்லை என்று சொல்லிவிட்டது. இதை நான் பெரிய இழப்பாகத்தான் பார்க்கிறேன்.

அதே மாதம் 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம், பத்து ஆண்டுகளில் மெடிக்கெய்டுக்கான மத்திய அரசுச் செலவில் 90,000 கோடி டாலருக்கு மேல் குறைக்கிறது. 2034இல் காப்பீடு இல்லாதவர்கள் கூடுதலாக ஒரு கோடிப் பேர் இருப்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணித்திருக்கிறது. வருமான வரம்பை உயர்த்திப் பல மாநிலங்கள் புதிதாகச் சேர்த்துக்கொண்ட பெரியவர்கள், 2027 ஜனவரிக்குள் தொடங்க வேண்டிய விதிப்படி, மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்வதை நிரூபிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை நடந்த சரிபார்ப்பு அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. 13 வயது வரை பிள்ளை உள்ள பெற்றோருக்கு 80 மணி நேர விதியிலிருந்து விலக்கு உண்டு. கடைசிப் பிள்ளைக்கு 14 ஆனதும் அந்த அம்மா கணக்குக் காட்டத் தொடங்க வேண்டும்.

"பிள்ளைகளைத் தொடவில்லையே" என்கிறார்கள். அந்த 80 மணி நேர விதி பிள்ளைகளுக்கு இல்லைதான். ஆனால் பெற்றோருக்குக் காப்பீடு கிடைக்கும்போது, முன்பே தகுதியிருந்தும் சேராமல் இருந்த பிள்ளைகளும் வந்து சேர்கிறார்கள் என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. பெற்றோரை விரட்டினால் பிள்ளைகளும் பின்னாலேயே போவார்கள். ஆர்கன்சாஸ் மாநிலம் 2018இல் வேலை நிபந்தனையைச் செய்து பார்த்தது. மணிக் கணக்கை இணையத்தில்தான் பதிய வேண்டும். அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடி, காலை 7 மணிக்குத்தான் திறக்கும். இரவு வேலை முடித்து வருகிறவர் எப்போது பதிவார்? சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். வேலை பார்ப்பவர்கள் எண்ணிக்கை கூடவில்லை என்பதும் ஆய்வில் தெரிந்தது. 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. தோற்ற ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

வரிப் பணம் வீணாகிறது என்று நினைப்பவர்கள் இதையும் கேளுங்கள். சிறு வயதில் மெடிக்கெய்டில் இருந்தவர்கள் வளர்ந்தபின் என்ன ஆனார்கள் என்று வரி ஆவணங்களை வைத்தே பார்த்திருக்கிறார்கள். கூடுதல் ஆண்டுகள் காப்பீடு பெற்ற பிள்ளைகள், பெரியவர்களானபின் அதிக வரி கட்டினார்கள், அவர்களில் இளவயதில் இறந்தவர்களும் குறைவு. உங்கள் வீட்டில் யாரும் இந்தத் திட்டத்தில் இல்லாவிட்டாலும், உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் பேச்சுப் பயிற்சி தருகிறவரின் சம்பளத்தில் ஒரு பகுதி மெடிக்கெய்டிலிருந்து வந்துகொண்டிருக்கலாம். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் அந்தச் செலவை இதிலிருந்து பெற 1988 முதல் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வீடு மாறினால், மின்சாரத்துக்கு முகவரி மாற்றும் அன்றே காப்பீட்டுக்கும் மாற்றுங்கள். "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று கடிதம் வந்தால், அதில் பிள்ளையின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். அது சரியாகத் தெரியவில்லை என்றால் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. நியூ ஜெர்சி ஃபேமிலிகேர் எண் 1-800-701-0710. வேறு மாநிலத்தில் இருந்து கேட்கிறவர்கள் 1-877-543-7669 என்ற எண்ணில் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

இன்னொரு தொலைபேசி எண் இருக்கிறது: 202-224-3121. நாடாளுமன்றத்தின் பொது இணைப்பகம் அது. உங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரைச் சொன்னால் அவர் அலுவலகத்துக்கு இணைப்பார்கள். பிள்ளைகளின் 12 மாதப் பாதுகாப்பில் கைவைக்க வேண்டாம், ஆறு வயது வரையிலான தொடர் காப்பீட்டுக்கு மறுபடி அனுமதி கொடுங்கள் என்று இரண்டே வாக்கியம் சொன்னால் போதும். எந்த ஊர்க்காரர் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

நன்றி, வணக்கம்.