ஆண்டார்களா, ஆளப்பட்டார்களா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பிரெஞ்சு அரச குடும்பத்துப் பெண்கள் ஆண்டார்களா, ஆளப்பட்டார்களா என்பது தலைப்பு. ஆளப்பட்டார்கள் என்றே நான் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் பிரெஞ்சு அரசி கேத்தரின் தெ மெடிச்சியைச் சொன்னார். மூன்று மகன்கள் மன்னரானார்கள், நாடே அவர் சொல்படி நடந்தது என்றார். சரி, அந்த அதிகாரம் எப்போது வந்தது? கணவர் இறந்து, 1560-இல் பத்து வயது மகன் அரியணை ஏறிய பிறகு. கணவர் இருந்த காலத்தில்? 14 வயதில் கல்யாணமாகி வந்தவருக்குப் பத்து வருஷம் குழந்தை இல்லை. தள்ளிவைத்துவிடலாம் என்ற பேச்சே அரண்மனையில் எழுந்தது. பிளான்ஷ், ஆஸ்திரியாவின் ஆன் என்று அவர்கள் அடுக்கிய மற்ற அரசிகளின் பேர்களையும் பாருங்கள். கணவர் போன பிறகு, சிறுவனான மகன் பேரில் நடத்திய ஆட்சி அது. தன் பேரில் பிரான்ஸை ஆண்ட அரசி ஒருத்தரைக் காட்டுங்கள். 1316-இல் பத்தாம் லூயியின் நான்கு வயது மகள் ஜான் இருக்கும்போதே சித்தப்பா கிரீடத்தை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு மகள்களுக்கு அந்த வாசல் திறக்கவே இல்லை.

பிரிட்டனி அப்போது பிரான்ஸை ஒட்டிய தனி நாடு. அதன் ஆன் 11 வயதிலேயே தன் நாட்டுக்கு உரிமை பெற்றவர். 1491-இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸைக் கட்டிக்கொண்டபோது போட்ட ஒப்பந்தம் என்ன? ஆண் வாரிசு இல்லாமல் சார்லஸ் இறந்தால், அடுத்து வரும் மன்னரை ஆன் மணக்க வேண்டும்! அப்படியே நடந்தது. எத்தனையோ பிரசவங்கள், பிழைத்தவர்கள் இரண்டே பெண்கள். 37 வயது நிறைவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

இப்போது சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது. பதினைந்தாம் லூயிக்கும் மரி லெஸ்ஸின்ஸ்காவுக்கும் பெண் பிள்ளைகள் நிறைய. 1738-இல் அரண்மனைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கடைசி நான்கு பேரை ஃபோந்தெவ்ரோ கன்னிமடத்துக்கு அனுப்பினார்கள். மூத்தவளுக்கு ஐந்து வயது. கடைக்குட்டி லூயிஸுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அந்த மடத்தில் தலைவியாக இருந்த பெண் ஆண் துறவிகளையும் ஆண்டார் என்று எதிரணி சொல்லலாம், உண்மைதான். ஆனால் அங்கே அனுப்பப்பட்ட குழந்தைகளின் கதி? தெரேஸ் எட்டு வயதில் அங்கேயே இறந்தாள். வீட்டுக்குத் திரும்ப ஒருத்திக்குப் பத்து வருஷம் ஆனது, மற்ற இருவருக்குப் பன்னிரண்டு. இடையில் மன்னர் நாத்தியே என்ற ஓவியரை அனுப்பி, மீதி மூன்று பெண்களையும் வரைந்துவரச் செய்தார். வளர்ந்த மகள்களின் முகத்தைப் பெற்ற தாய் முதலில் பார்த்தது அந்தச் சித்திரங்களில்! அவர் பிரான்ஸ் நாட்டு அரசி, அய்யா. நாலு பிள்ளைகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாத அரசி.

பணம் இருந்தால் தப்பியிருப்பார்களா? பதினான்காம் லூயியின் பெரியப்பா... இல்லை, சித்தப்பா மகள், 'பெரிய மத்மொசெல்' என்று பேர்பெற்றவர், பிரான்ஸிலேயே பெரும் சொத்துக்காரி. 1670-இல், 43 வயதில், லோசான் பிரபுவை மணக்க ஆசைப்பட்டார். மன்னர் சரி என்றார், மூன்றே நாளில் மறுத்தார். அடுத்த வருஷம் லோசான் சிறைக்குப் போனார், பத்து வருஷம். அவரை மீட்க அந்தப் பெண் தன் பெரிய நிலங்களை மன்னரின் மகனுக்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 43 வயதில் தன் கல்யாணத்தைத் தானே முடிவுசெய்ய முடியாதவர் எதை ஆண்டார்? நடுவர் அவர்களே, அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.