அலுமாரியில் சும்மா நின்ற டாங்கிக்குக் கால் ஏன் வெடிக்குது? நடக்கும் டாங்கி மொடல் கட்டும் முறை

(திரையில்: பாதத்தின் குறுக்குவெட்டுப் படம். உள்ளே சாம்பல் நிற ஈயம், மெல்ல வெள்ளையாகி வீங்குகிறது.)

வணக்கம் உறவுகளே. ஒட்டி, வர்ணம் அடிச்சு, கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்ச மொடல். ஒருத்தரும் தொடல்ல. ஆனா சில வருசத்தில பாதம் தானாப் பிளந்து, உள்ளுக்குள்ள இருந்து வெள்ளை மா கொட்டும். ஏன் எண்டு சொல்றேன். அதுக்கு முதல் கொஞ்சம் வரலாறு, வேகமா ஓடிருவம்.

1982இல ஜப்பானில ஹொபி ஜப்பான் சஞ்சிகையில கோ யோகோயாமா தொடங்கின விண்வெளிப் போர்த் தொடர்தான் இண்டைக்கு மஷீனன் குரீகர். அதில வாற ஆளில்லா இரண்டு கால் டாங்கி குரோட்டே. நிட்டோ எண்ட ஜப்பான் மொடல் கம்பனி 1/20 அளவில ஒட்டிக் கட்டுற கிட் போட்டது. அந்த அளவில 170 சென்ரிமீற்றர் மனிசன் எட்டரை சென்ரிமீற்றர்தான். வரலாறு முடிஞ்சுது.

அந்தக் கிட்டின்ர மறுபதிப்பு எண்டா பெட்டி புதுசு, அச்சு பழசு. தேய்ஞ்ச அச்சில விளிம்பெல்லாம் மெல்லிய பிளாஸ்ரிக் சவ்வு தள்ளி நிக்கும், தடிச்ச இடங்கள்ல குழி விழும். துண்டுகளைச் சவர்க்காரத் தண்ணியில கழுவி, நல்லாக் காயவிட்டு, சவ்வைச் சீவுங்க. குழிக்குப் புட்டி பூசி, 400, மறுகா 800 சாண்ட் பேப்பர். அவ்வளவுதான்.

இப்ப விசயத்துக்கு வருவம். கால்!

(திரையில்: பின்பக்கம் மடிந்த கால்கள், மேலே உருண்டை உடல்.)

மட்டக்களப்பு வாவியில நிக்கிற கொக்கைப் பாருங்க, அதே கால்தான். கொக்குக்குத் தசை இருக்கு, இதுக்கு இல்ல. ஒட்ட முதல் டேப் போட்டுக் கட்டி நிமிர்த்திப் பாருங்க. உடலின்ர பாரம் பாதத்துக்கு நேர் மேல விழாட்டி மூக்குக் குத்தும்.

பாதத்துக்குள்ள பாரம் போடணும். வெளிநாட்டு வீடியோக்காரர் இதுக்கெண்டு டங்ஸ்டன் தேடுவாங்க. நமக்கென்ன, வாழைச்சேனையிலயோ கல்முனையிலயோ வலைச் சாமான் விக்கிற கடையில வீச்சு வலைக்குக் கோர்க்கிற ஈயம் கேளுங்க. தட்டி நசுக்கி, பாதம் மூடுறதுக்கு 2 மில்லிமீற்றர் இடம் விட்டு நிரப்புங்க. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க, சின்னப் பிள்ளைகள் கிட்ட வேண்டாம்.

ஆனா மரத்துக்குப் பூசுற வெள்ளைப் பசையால மட்டும் அந்த ஈயத்தை ஒட்டாதீங்க! மூடின பாதத்துக்குள்ள அந்தப் பசை கொஞ்சங் கொஞ்சமா அசற்றிக் அமிலம் விடும். வினாகிரியில இருக்கிற அதே அமிலம். அதோட நம்ம ஊர் ஈரக்காத்தும் கரியமில வாயுவும் சேர்ந்தா ஈயம் வெள்ளைக் காபனேற்றா மாறும். ஈயத்தை விட அதுக்கு இடம் கூட வேணும். இடம் இல்லாட்டி? பிளாஸ்ரிக்கைப் பிளக்கும்.

இன்னொரு கூத்து கேளுங்க. 1638இல நம்ம மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்ச ஒல்லாந்தர், அவங்கட நாட்டில இதையே வேணுமெண்டு செஞ்சவங்க. வினாகிரிப் பானைக்கு மேல ஈயத்தை வச்சு, சுத்திச் சாணி குவிச்சு, மாதக்கணக்கா விட்டு வெள்ளை வர்ணம் எடுத்தாங்க. சாணிச் சூடும் அதில வாற வாயுவும்தான் வேலை செஞ்சது. அவங்களுக்குத் தொழிற்சாலை, உங்களுக்கு வெடிச்ச கால்.

அதனால இரண்டு ரியூப்பையும் கலந்து பூசுற எபொக்சிப் பசை. ஒரேயடியா ஊத்தினா இறுகேக்க சூடாகி மெல்லிய பிளாஸ்ரிக்கை வளைச்சிரும். பாதி ஊத்துங்க, ஆறினதும் மீதி.

ஈயம் விழுறதைத் தடுக்கும், மூட்டுத் தொய்யிறதைத் தடுக்காது. அசைய வேணுமெண்டா, மூட்டு முளையில சுப்பர் குளூ மெல்லிசாப் பூசி முழுசாக் காயவிட்டு மாட்டுங்க, பிடி இறுகும். காய முதல் மாட்டினா மூட்டு ஒட்டிக்கொண்டு போயிரும். என்ர அபிப்பிராயம், ஒரு நிலையில நிப்பாட்டிருங்க. இடுப்பில 2 மில்லிமீற்றர் துளை, உள்ளுக்குச் சைக்கிள் சில்லுக் கம்பித் துண்டு. சாதாரணக் கம்பி அதே 2 மில்லிமீற்றர்தான். அடுத்தவங்க கம்பியை வெட்டிப்போட்டு இந்த வீடியோவைக் காட்டாதீங்க.

மூட்டுக்குள்ள போடுற மென்மையான பொலித்தீன் வளையங்களில பிளாஸ்ரிக் பசை பிடிக்காது, வர்ணமும் உரியும். அதுகளை அப்படியே விடுங்க. வைனைல் குழாய் வந்தா வர்ணத்தில அழுத்தி வைக்காதீங்க, நாளாக அதில இருந்து எண்ணெய் கசிஞ்சு வர்ணத்தைப் பிசுபிசுக்க வைக்கும்.

வர்ணம்: மாரியில லக்கர் அடிச்சா வெள்ளைப் புகார் படியும். கரைப்பான் ஆவியாகேக்க மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். அக்ரிலிக்கைத் தூரிகையால பூசுங்க, இல்லாட்டி மழை விட்ட பகலில அடிங்க. டெக்கால், அதான் தண்ணியில நனைச்சு ஒட்டுற படம், அதை ஒட்ட முதல் மினுக்க வாணிஷ் ஒரு தடவை, இல்லாட்டி அடியில காத்துச் சிக்கி வெள்ளி மாதிரித் தெரியும்.

உங்கட டாங்கி எந்தப் பக்கம் சாயுதெண்டு கொமென்ட்ல போடுங்க. முன்னுக்குச் சாஞ்சா ஈயத்தைப் பாதத்தின்ர குதிப்பக்கம் வையுங்க.