கண்மாயும் உப்பளமும் சட்டத்தின் கணக்கில் வரட்டும்

அவையோருக்கு வணக்கம்.

இராமநாதபுரம் சீமை பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் ஏறியதாக 2022-இல் அறிவிப்பு வந்தது. சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் சேர்ந்ததாக 2025-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டு தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே ஒரு சரணாலயம் வந்தது. இதற்கெல்லாம் பாடுபட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நான் பேச வந்தது சரணாலயங்களின் எல்லைக்கல்லுக்கு அப்பால் கிடக்கும் தண்ணீரைப் பற்றி.

கண்மாய்க்குள் கருவேல மரத்தில் கூடு கட்டும் நாரை, குஞ்சுக்கு இரை தேடிப் பக்கத்து ஊர் வயலுக்கும் கண்மாய்க்கும்தான் பறக்கிறது. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் கடற்கரைக்கு வருகிறதே வளைமூக்கு உள்ளான், அதைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. கால் நனையும் நீரில் நின்றுகொண்டு, நுனி வளைந்த அலகைச் சேற்றில் விட்டு விட்டு எடுத்து, கண்ணுக்குத் தெரியாத புழுவைத் தொட்டே கண்டுபிடிக்கும். கடல் ஏறிச் சேற்றுத்திட்டு மூழ்கினால் உப்பளப் பாத்திகளில் ஒதுங்கும். 2024-இல் அதன் நிலை இன்னும் மோசமாகிவிட்டது என்று, அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் கணக்கெடுக்கும் உலகச் சிவப்புப் பட்டியல் அறிவித்தது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இந்தப் பறவையைத் துப்பாக்கியிலிருந்தும் வலையிலிருந்தும் காக்கிறது. அது நிற்கும் நீரை? 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கும் உப்பு விளைச்சலுக்கும் மீன், இறால் வளர்ப்புக்கும் மனிதர் அமைத்தவற்றை ஈரநிலம் என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. கண்மாயையும் அளத்தையும் தள்ளிவிட்டால் நம் மாவட்டத்தில் மிச்சம் என்ன? ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் மாநிலச் சட்டம் வந்தது, நல்லது. அது கண்மாயின் எல்லையைப் பார்க்கிறது, கூட்டை அல்ல.

"சட்டம் வந்தால் மடை திறக்கவும் வண்டல் அள்ளவும் விடமாட்டார்கள்" என்று விவசாயிகள் அஞ்சுவது நியாயம். அந்த உரிமையைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட மக்களை எதிரியாக நிறுத்தும் சட்டம் எங்கும் நிலைக்காது.

வருகிற கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள்: பறவை தங்கும் கண்மாய்களும் உப்பளங்களும் ஈரநில விதிகளுக்குள் வர வேண்டும், கூடு கட்டும் மாதங்களில் மரம் வெட்டக் கூடாது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டால் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். தீர்மானத்தின் நகலை ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் அனுப்பி, பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.